உங்கள் கைபேசியின் ஜிபிஎஸ் யார் கையில்? அமெரிக்க விமானப்படைத் துறையைப் புரிந்துகொள்ள ஒரு வழி

மாட்டுத்தாவணி பஸ் நிலைய வாசலில் சவாரிக்குக் காத்திருக்கும் ஆட்டோ ஓட்டுநரின் கைபேசி வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி தெரியும். அவர் நிற்கும் இடம் அது. அந்த இடத்தைக் கணக்கிட்டுச் சொல்வதில் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அவை தரையிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை அமெரிக்க ராணுவத்துக்குச் சொந்தமானவை. கொலராடோ மாநிலத்தில் ஷ்ரீவர் விண்வெளிப்படைத் தளம் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்குள்ள 2-ஆவது ஸ்பேஸ் ஆபரேஷன்ஸ் ஸ்குவாட்ரன் என்ற சிறு பிரிவு இரவு பகலாக அவற்றை இயக்குகிறது.

அமெரிக்க விமானப்படைத் துறை என்ற பெரிய அமைப்பைப் புரிந்துகொள்ள இந்த ஸ்குவாட்ரனே நல்ல வாசல். இதற்கு மேலதிகாரி யார், அவருக்கு மேலே யார் என்று கேட்டுக்கொண்டே போனால் முழு அமைப்பும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுடன் பேசும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். விமானப்படைத் துறை, விமானப்படை, விண்வெளிப்படை, விண்வெளி கமாண்ட் ஆகிய நான்கையும் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். நான்கும் வேறு வேறு. எங்கே எப்படி வேறுபடுகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால், நம் நாட்டின் ஏற்பாடும் கூடவே தெளிவாகும்.

முதலில் அந்த ஸ்குவாட்ரன் செய்யும் வேலையைப் பார்ப்போம். ஒவ்வொரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலும் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. செயற்கைக்கோள் தன் நேரத்தையும் தன் இருப்பிடத்தையும் ஓயாமல் ஒலிபரப்புகிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னலை வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டு, கைபேசி தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. சிக்னல் ஒளியின் வேகத்தில் பயணிப்பதால் கடிகாரத்தில் சிறு பிசகுகூட ஆகாது. ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு அளவுக்குப் பிசகினாலே 300 மீட்டர் தவறிவிடும். சித்திரை வீதியில் நிற்பவரை மாசி வீதிப் பக்கம் காட்டிவிடும். ஆகவே ஸ்குவாட்ரனில் ஷிப்ட் முறையில் பணியில் இருப்பவர்கள், உலகின் பல மூலைகளில் உள்ள ஆன்டெனாக்கள் வழியாக, கடிகாரத் திருத்தத்தையும் பாதைத் திருத்தத்தையும் செயற்கைக்கோள்களுக்கு நாள்தோறும் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். உலகமே இலவசமாகப் பயன்படுத்தும் ஒரு வசதியைக் காப்பது சீருடை அணிந்த ஒரு சிறு குழு என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இப்போது மேலே ஏறுவோம். இப்படிப்பட்ட சில ஸ்குவாட்ரன்கள் சேர்ந்தது ஒரு டெல்டா. ஒவ்வொரு டெல்டாவுக்கும் ஒரு குறிப்பிட்ட வேலை உண்டு. இடம் காட்டுவதற்கும் நேரம் காட்டுவதற்கும் ஒன்று, ஏவுகணை எச்சரிக்கைக்கு ஒன்று, விண்வெளியில் எது எங்கே சுற்றுகிறது என்று கண்காணிக்க ஒன்று என வேலைவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். டெல்டாக்களுக்கு மேலே கள கமாண்டுகள். ஒன்று செயற்கைக்கோள்களை இயக்குகிறது. இன்னொன்று புதிய செயற்கைக்கோள்களையும் ராக்கெட் ஏவுதல்களையும் கவனிக்கிறது. மற்றொன்று பயிற்சியைப் பார்த்துக்கொள்கிறது. அவற்றுக்கு மேலே அமெரிக்க விண்வெளிப்படை. அதன் சீருடைத் தலைவர் நான்கு நட்சத்திர ஜெனரல்.

விண்வெளிப்படைக்கு வயது அதிகம் இல்லை. 2019 டிசம்பர் 20 அன்று சட்டத்தின் மூலம் உருவானது. ஜெனரல் ஜான் ரேமண்ட் அதன் முதல் தலைவர். அதற்கு முன் இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றை விமானப்படையின் ஓர் அங்கமான ஏர் ஃபோர்ஸ் ஸ்பேஸ் கமாண்ட் 1982-இலிருந்து செய்துவந்தது. புதிய படைக்கு ஆள் பலமும் குறைவு. சீருடையில் இருப்பவர்கள் சுமார் 10 ஆயிரம் பேர்தான். அதனால்தான் ஸ்குவாட்ரன், டெல்டா, கள கமாண்ட் என்று மூன்று படிகளோடு நிறுத்திக்கொண்டார்கள்.

விமானப்படை அப்படி இல்லை. அங்கே படிகள் அதிகம். அடியில் ஃபிளைட், பிறகு ஸ்குவாட்ரன், குரூப், விங், அதற்கு மேல் எண்ணிட்ட ஏர் ஃபோர்ஸ், எல்லாவற்றுக்கும் மேல் பெரிய கமாண்ட். போர் விமானங்களுக்கு ஏர் காம்பாட் கமாண்ட், சரக்கு விமானங்களுக்கும் வானில் எரிபொருள் நிரப்பும் விமானங்களுக்கும் ஏர் மொபிலிட்டி கமாண்ட். குளோபல் ஸ்ட்ரைக் கமாண்டின் கையில் குண்டுவீச்சு விமானங்கள் மட்டுமல்ல, நிலத்தடிக் குழிகளில் தயாராக நிற்கும் மினிட்மேன் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளும் இருக்கின்றன. தரையை விட்டு அசையாமல் காத்திருக்கும் அந்த ஏவுகணைகள் தரைப்படையிடம் இருக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அவை விமானப்படையின் பொறுப்பு.

இந்த இரு படைகளுக்கும் பொதுவான கூரைதான் விமானப்படைத் துறை. ஒரே துறை, அதற்குள் இரண்டு படைகள். விமானப்படைக்கு ஒரு ஜெனரல், விண்வெளிப்படைக்கு ஒரு ஜெனரல். இருவரும் சம அந்தஸ்து உள்ளவர்கள். கூட்டுத் தலைமைத் தளபதிகள் குழுவில் இருவருக்கும் இடம் உண்டு. இருவரும் பதில் சொல்ல வேண்டியது துறைச் செயலருக்கு. அமெரிக்காவில் இந்த ஏற்பாடு புதிதும் அல்ல. கடற்படைத் துறை என்ற ஒரே கூரையின் கீழ் கடற்படையும் மரைன் படையும் நெடுங்காலமாக இருந்துவருகின்றன. அந்த முன்மாதிரியைத்தான் இங்கும் கையாண்டார்கள்.

கூரை ஒன்றாக இருப்பதன் பயனை அந்தக் கொலராடோ தளத்திலேயே பார்க்கலாம். செயற்கைக்கோளை இயக்குபவர் விண்வெளிப்படையைச் சேர்ந்தவர். தளத்துக்குக் காவல், மருத்துவம், கட்டடப் பராமரிப்பு, மத குருமார்களின் சேவை போன்றவற்றை அவருக்குத் தருவது விமானப்படை. சிறிய படை தனக்கென்று தனி மருத்துவப் பிரிவும் காவல் பிரிவும் வைத்துக்கொண்டால் ஆளும் பணமும் வீணாகும் என்பதால் இப்படி வகுத்தார்கள். என் பார்வையில் இது புத்திசாலித்தனமான முடிவு. பண அளவிலும் வித்தியாசம் பெரிது: 2025 நிதியாண்டுக்கு இந்தத் துறை கேட்ட தொகை சுமார் 21,750 கோடி டாலர், அதில் விண்வெளிப்படைக்கு 2,940 கோடி டாலர் மட்டும்.

துறைச் செயலர் சீருடை அணியாதவர். அதிபர் பெயரை முன்மொழிவார், செனட் ஒப்புதல் அளிக்க வேண்டும். அவருக்குக் கீழே துணைச் செயலர், நிதி, மனிதவளம், தளங்கள், ஆயுதக் கொள்முதல் ஆகியவற்றுக்கு உதவிச் செயலர்கள் என ஒரு சிவில் தலைமைச் செயலகமே இருக்கிறது. விண்வெளிக் கொள்முதலுக்கென்று தனி உதவிச் செயலர் உண்டு. எந்த விமானம் வாங்குவது, எவ்வளவு செலவிடுவது, எந்தத் தளத்தை மூடுவது என்ற பெரிய முடிவுகளில் சீருடைக்காரர்கள் ஆலோசனை சொல்லலாம், கையெழுத்து சிவிலியனுடையது. 1993-இல் ஷீலா விட்னால் என்ற வானூர்திப் பொறியியல் பேராசிரியை இந்தப் பதவிக்கு வந்தார். அமெரிக்க ராணுவத் துறை ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர்தான்.

துறை பிறந்தது 1947-இல். அதுவரை விமானப் பிரிவு தரைப்படையின் ஓர் அங்கம். இரண்டாம் உலகப் போரில் அது தனித்து இயங்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. 1947 ஜூலை 26 அன்று தேசியப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது; செப்டம்பர் 18-இல் விமானப்படை தனிப் படையானது. முதல் செயலர் ஸ்டூவர்ட் சைமிங்டன். துறைக்கு மேலே இருப்பது பாதுகாப்புத் துறை. 2025 செப்டம்பர் முதல் அது போர்த் துறை என்ற பெயரையும் பயன்படுத்துகிறது. அதற்கும் மேலே அதிபர்.

இதோடு படம் முடிந்துவிட்டது என்று நினைத்தால், முக்கியமான பாதி விடுபட்டுவிடும்.

நான் மேலே சொன்ன ஏணி முழுவதும் ஆள் எடுக்க, பயிற்சி தர, கருவி வாங்க, தளங்களைப் பராமரிக்க உருவானது. போர் என்று வரும்போது உத்தரவு இந்த ஏணி வழியாக வருவதில்லை. விமானப்படையின் தலைவரான ஜெனரலுக்கு ஒரு விமானத்தையும் போருக்கு அனுப்பும் அதிகாரம் கிடையாது. விண்வெளிப்படையின் தலைவருக்கும் அப்படியே. அதிபரிடமிருந்து பாதுகாப்புத் துறைச் செயலருக்கும், அவரிடமிருந்து நேராகப் போர்க் கமாண்ட் தளபதிக்கும் உத்தரவு போகும். இப்படிப்பட்ட போர்க் கமாண்டுகள் மொத்தம் 11. அவற்றுள் ஒன்றுதான் விண்வெளி கமாண்ட். விண்வெளிப்படை வேறு, விண்வெளி கமாண்ட் வேறு. முன்னது ஆட்களைத் தயார்செய்து கொடுக்கும் படை. பின்னது, கொடுத்த ஆட்களை வைத்து வேலையை நடத்தும் தலைமையகம். விண்வெளி கமாண்ட் 2019 ஆகஸ்ட் 29 அன்று மீண்டும் தொடங்கப்பட்டது, அதாவது படை பிறப்பதற்கு நான்கு மாதம் முன்பே. அதில் தரைப்படையினரும் கடற்படையினரும் பணிபுரிகிறார்கள்.

சித்திரைத் திருவிழாவின் பாதுகாப்பு ஏற்பாட்டை நினைத்துக்கொண்டால் இது எளிதில் பிடிபடும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மதுரைக்குப் பல மாவட்டங்களிலிருந்து போலீஸார் வருகிறார்கள். அவர்களுக்குச் சம்பளம், விடுப்பு, இடமாற்றம் எல்லாம் சொந்த மாவட்டத்திலிருந்துதான். ஆனால் அன்றைக்கு வைகைக் கரையில் எந்த இடத்தில் நிற்க வேண்டும், கூட்டத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதை மதுரை மாநகரக் காவல் ஆணையரின் ஏற்பாடு தீர்மானிக்கிறது. விருதுநகரிலிருந்து வந்த காவலருக்கு அன்று வழி சொல்பவர் விருதுநகர் எஸ்.பி. அல்ல. அமெரிக்கப் படைகள் ஆண்டு முழுவதும் இந்த முறையில் இயங்குகின்றன.

போர்க் கமாண்டுகளில் சில நிலப்பரப்பைப் பிரித்துக்கொண்டவை. இந்தோ–பசிபிக் கமாண்ட் ஹவாயில் இருக்கிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் தொடங்கி இந்தியாவின் மேற்கு எல்லை வரை அதன் வரைபடத்துக்குள் அடங்கும். மதுரையும் அதற்குள் வருகிறது. வேறு சில, வேலையைப் பிரித்துக்கொண்டவை. விண்வெளி கமாண்ட் இந்த வகை. அதன் தலைமையகத்தைக் கொலராடோவிலிருந்து அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லுக்கு மாற்றப்போவதாக 2025 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது.

ஏன் இப்படி இரண்டாகப் பிரித்தார்கள்? காரணம் கசப்பான அனுபவம். 1980 ஏப்ரலில் ஈரானில் பிணைக்கைதிகளாக இருந்த அமெரிக்கர்களை மீட்க ஒரு ரகசிய முயற்சி நடந்தது. கடற்படையின் ஹெலிகாப்டர்கள், மரைன் விமானிகள், விமானப்படையின் சரக்கு விமானங்கள், தரைப்படையின் கமாண்டோக்கள் என நான்கு படைகளும் சேர்ந்தன. பாலைவனத்தில் ஹெலிகாப்டர்கள் பழுதாகித் திட்டம் கைவிடப்பட்டது. திரும்பும் நேரத்தில் ஒரு ஹெலிகாப்டர் சரக்கு விமானத்தில் மோதி எட்டுப் பேர் உயிரிழந்தார்கள். படைகள் தனித்தனியாகப் பயிற்சி பெற்று, களத்தில்தான் ஒன்றாகச் சேர்ந்தன என்பது பெரும் விமர்சனமாக எழுந்தது. பல ஆண்டு விவாதத்துக்குப் பின் 1986-இல் கோல்ட்வாட்டர்–நிக்கோல்ஸ் சட்டம் வந்தது. அந்தச் சட்டம்தான் போர்க் கமாண்ட் தளபதியின் கையில் முழு அதிகாரத்தைக் கொடுத்தது. ஓர் அமைப்பு வரைபடத்தில் தெரியும் கோடுகளுக்குப் பின்னால் எட்டுக் குடும்பங்களின் இழப்பு இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

விண்வெளி சம்பந்தப்பட்ட எல்லாம் இந்தத் துறைக்குள் இருக்கிறது என்றும் எண்ணிவிடக் கூடாது. நாசா 1958-இல் தொடங்கிய சிவில் அமைப்பு. விமானப்படைத் துறைக்கும் அதற்கும் நிர்வாகத் தொடர்பு இல்லை. உளவுச் செயற்கைக்கோள்களைக் கவனிப்பது தேசிய உளவு அலுவலகம் என்ற தனி அமைப்பு.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் விமானப்படைக்கென்று தனித் துறையும் கிடையாது, தனிச் செயலரும் கிடையாது. முப்படைக்கும் ஒரே பாதுகாப்பு அமைச்சகம். அதற்குள் ராணுவ விவகாரங்கள் துறை என்ற ஒன்று, முப்படைத் தலைமைத் தளபதி பதவியோடு சேர்த்து உருவாக்கப்பட்டது. முதல் தலைமைத் தளபதியாக 2020 ஜனவரி 1 அன்று பொறுப்பேற்ற ஜெனரல் பிபின் ராவத், 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போகும் வழியில் குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் இறந்ததை நம் பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மிகப் பெரிய வேறுபாடு இதுதான்: இந்தியாவில் விமானப்படைத் தளபதி ஆள் எடுத்துப் பயிற்சி தருவதோடு, போரையும் நடத்துகிறார். அவருக்குக் கீழே ஏழு கமாண்டுகள். டெல்லி, காந்திநகர், பிரயாக்ராஜ், ஷில்லாங், திருவனந்தபுரம் ஆகிய இடங்களில் உள்ள ஐந்தும் போர்ச் செயல்பாட்டுக்கு. பெங்களூருவில் உள்ளது பயிற்சிக்கு, நாக்பூரில் உள்ளது பராமரிப்புக்கு. ஒவ்வொரு கமாண்டுக்கும் ஏர் மார்ஷல் ஒருவர் தலைவர். அதன் கீழே விங், அதன் கீழே ஸ்குவாட்ரன். மதுரை இருப்பது திருவனந்தபுரத்தைத் தலைமையகமாகக் கொண்டு 1984-இல் தொடங்கப்பட்ட தெற்கு கமாண்டின் வானத்தின் கீழ். கோவை அருகே சூலூரில் 18-ஆவது ஸ்குவாட்ரன் 2020 மே மாதம் தேஜஸ் விமானங்களோடு களம் இறங்கியது. அதே ஆண்டு ஜனவரியில் தஞ்சாவூரில் 222-ஆவது ஸ்குவாட்ரன் பிரம்மோஸ் ஏவுகணை சுமக்கும் சுகோய் விமானங்களோடு தொடங்கப்பட்டது. இந்தியப் பெருங்கடலைக் கருத்தில் கொண்டு எடுத்த முடிவு அது. ராமநாதபுரம் அருகே உச்சிப்புளியில் இருப்பது மட்டும் கடற்படையின் விமானத் தளம். ராமேஸ்வரம் போகும் வழியில் விமானங்களைப் பார்த்துவிட்டு அதை விமானப்படைத் தளம் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அமெரிக்க முறையைப் போல முப்படையையும் ஒரே களத் தளபதியின் கீழ்க் கொண்டுவரும் தியேட்டர் கமாண்ட் யோசனை இங்கே பல ஆண்டுகளாக விவாதத்தில் உள்ளது. சிறிய அளவில் நம்மிடமும் அது உண்டு; அந்தமான் நிகோபார் கமாண்ட் 2001-இலிருந்து முப்படைக்கும் பொதுவாக இயங்குகிறது. ஒரு படையின் அதிகாரி இன்னொரு படையின் வீரர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வழிசெய்யும் சட்டம் 2023-இல் நிறைவேறியது. விமானங்களின் எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது அவற்றைப் பல தளபதிகளுக்குப் பங்கு போடுவது சரிவராது என்ற தயக்கம் விமானப்படை வட்டாரத்தில் உண்டு. 2025 செப்டம்பர் 26 அன்று மிக்–21 ஓய்வு பெற்றபின் போர் விமான ஸ்குவாட்ரன்கள் 29 ஆகக் குறைந்தன. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 42. இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் அந்தத் தயக்கத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது என்பது என் கருத்து.

விண்வெளியில் நம் ஏற்பாடு இன்னும் வேறு. இந்தியாவில் விண்வெளிப்படை இல்லை. பெங்களூருவில் பாதுகாப்பு விண்வெளி முகமை என்ற முப்படைக் கூட்டு அமைப்பு 2019-இலிருந்து இயங்குகிறது. செயற்கைக்கோள்களைக் கட்டுவதும் ஏவுவதும் இஸ்ரோ. அது பாதுகாப்பு அமைச்சகத்துக்குள் வராது; பிரதமரின் நேரடிப் பொறுப்பில் உள்ள விண்வெளித் துறையைச் சேர்ந்தது. விமானப்படையின் தகவல்தொடர்புக்காக 2018 டிசம்பர் 19 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஜிசாட்–7ஏ இதற்கு நல்ல உதாரணம்: செய்து ஏவியது இஸ்ரோ, பயன்படுத்துவது விமானப்படை. 2019 மார்ச் 27 அன்று விண்வெளியில் நம் செயற்கைக்கோள் ஒன்றையே சுட்டு வீழ்த்திய சோதனையை நடத்தியதோ பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம். ஜிபிஎஸ் போல நமக்கென்று உள்ள நாவிக் அமைப்பை இயக்குவதும் இஸ்ரோவே. கொலராடோவில் ஒரு ராணுவ ஸ்குவாட்ரன் செய்யும் வேலையை இங்கே சிவில் விஞ்ஞானிகள் செய்கிறார்கள்.

இந்த வேறுபாட்டை நம் பகுதி இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் ஆசைப்படுவதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. உசிலம்பட்டியிலோ மேலூரிலோ பிளஸ் டூ முடித்த ஒரு பிள்ளைக்குச் செயற்கைக்கோள் மீது ஆசை என்றால் எந்தக் கதவைத் தட்டுவது? அமெரிக்காவில் விண்வெளிப்படை நேரடியாக ஆள் எடுக்கிறது. இங்கே பாதுகாப்பு விண்வெளி முகமைக்கு நேரடி விண்ணப்பம் கிடையாது. முப்படைகளிலிருந்து அதிகாரிகளும் வீரர்களும் அங்கே பணியமர்த்தப்படுகிறார்கள். முதலில் முப்படைகளில் ஒன்றுக்குள் போக வேண்டும். விமானப்படையை எடுத்துக்கொள்வோம். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு அக்னிவீர்வாயு தேர்வு இருக்கிறது. பணிக்காலம் நான்கு ஆண்டு, அதன்பின் 25 சதவீதம் பேர் வரை நிரந்தரமாகலாம். அதிகாரியாக விரும்பினால் பிளஸ் டூவோடு தேசிய பாதுகாப்பு அகாடமித் தேர்வு, பட்டப்படிப்போடு விமானப்படைப் பொது நுழைவுத் தேர்வு. செயற்கைக்கோளைக் கட்டும் வேலையே வேண்டும் என்றால் பாதை வேறு: பொறியியல் அல்லது அறிவியல் படித்து இஸ்ரோவின் ஆள்சேர்ப்புத் தேர்வு எழுத வேண்டும், அல்லது திருவனந்தபுரத்தில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் சேர வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிப்பவர்களும், தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட புதிய ஏவுதளத்தில் பணிக்கு வரப்போகிறவர்களும் இஸ்ரோவின் ஊழியர்கள்தான். அந்த வேலைகளுக்கான அறிவிப்பு இஸ்ரோவின் இணையதளத்தில் வரும், விமானப்படையின் ஆள்சேர்ப்பு முகாமில் கிடைக்காது.